கொடியிலிருந்து எடுத்த துணி

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற கிளை நூலகத்தில் சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நாவலை வாசிப்போம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். எல்லோருக்கும் நான் ஆச்சி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மட்டும் எனக்கு வராது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன ஆனியில் வாசித்தது ஒரு பழைய வெளிநாட்டுக் கதை. ஆற்றுக்கு அக்கரையில் ஒருவன் தனியாக இருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் என்ன கெட்டது நடந்தாலும் பழி அவன்மேல்தான். அவனோ சிறகொடிந்த ஒரு கொக்கை வைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

"இந்தக் கொக்கு எதுக்குக் கதையில வருது?" என்று நூலகத்து அம்மா கேட்டார்.

எங்கள் வளவிலேயே குடியிருக்கிற ரிட்டயர்ட் டீச்சர் எழுந்து, "வெள்ளை நிறமல்லா? கள்ளங்கபடம் இல்லாத மனசுக்கு அது அடையாளம்" என்றார்.

"கொக்குக்கா டீச்சர் கபடம் இல்ல? மீன்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள் கடைசி வீட்டுக்காரி. அவளும் எங்கள் வளவுதான்.

"ஏட்டி, கதையில மீன் எங்க வந்துச்சு?"

"அதான் டீச்சர் தப்பிச்சிச்சு."

எல்லோரும் சிரித்தோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் வளவில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடு. பின்னால் ஒரே முற்றம், அதில் ஆறு கொடி. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்களுக்குத் துணி காயாது. வெயில் அடிக்கும்போதே சாரல் வந்துவிடும். அப்போது வீட்டில் இருக்கிறவர்கள் ஓடிப்போய், யார் துணி என்று பார்க்காமல் ஆறு கொடியையும் உருவிவிட வேண்டும். உருவியதைத் தன் வீட்டு நடையில் குவித்துவிட்டு, "துணி எடுத்தாச்சு!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் வளவில் இது எழுதாத சட்டம்.

வைகாசியில் மூன்றாம் வீட்டுக்கு ஒருத்தி குடிவந்தாள். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. நாற்பது வயது இருக்கும், தனியாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கிற வேலை. விடியக்காலையில் பஸ் ஏறிவிடுவாள். மத்தியானம் திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிடுவாள். யாரோடும் பேச்சு கிடையாது. "மலையாளத்துக்காரி, என்ன மந்திரம் வச்சிருக்காளோ" என்று அப்போதே ஒரு பேச்சு ஓடியது.

கொக்குப் பேச்சு நடந்ததற்கு அடுத்த வியாழக்கிழமை வளவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. முட்டுவலியால் நான் மட்டும் போகவில்லை. சட்டென்று சாரல் வந்தது. என்னால் ஓட முடியவில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால், லாட்ஜிலிருந்து திரும்பியிருந்த மூன்றாம் வீட்டுக்காரி ஓடி வந்து உருவுகிறாள். முதல் கொடித் துணிகளின் முனையில் சிவப்பு நூலைக் கட்டினாள். அடுத்த கொடிக்கு மஞ்சள், அதற்கடுத்து நீலம் என்று ஆறு கொடிக்கும் ஆறு நிறம். கலந்துவிடக் கூடாதென்று வெளுக்கிறவர்கள் போடுகிற குறி. நனைந்துகொண்டே கட்டினாள். எல்லாவற்றையும் தன் வீட்டுக்குள் கொண்டுபோனாளே தவிர, சத்தம் கொடுக்கவில்லை. அந்த வழக்கத்தை அவளுக்கு யார் சொன்னார்கள்?

கல்யாணத்துக்குப் போனவர்கள் நடுராத்திரிதான் திரும்பினார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் எல்லா வீட்டுக் கதவுப் பிடியிலும் லாட்ஜ் பேர் போட்ட ஒரு பை. உள்ளே துணி தேய்த்து மடித்து இருந்தது. லாட்ஜில் ரூமுக்கு ரூம் அப்படித்தான் மாட்டுவார்கள்போல. ஆனால் ஒன்றாவது கொடி ஒன்றாவது வீட்டுக்கு, இரண்டாவது கொடி இரண்டாவது வீட்டுக்கு என்று அவள் எண்ணிவிட்டாள். நாங்களோ இடம் கிடைத்த கொடியில் காயப்போடுகிறவர்கள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு லுங்கி ஒங்க கதவுல என்ன செய்யுது?"

"அத அந்த லுங்கிகிட்டயே கேளுட்டி. என் சேல ஒன் வீட்டுக்கு எதுக்கு வந்துச்சாம்?"

அதுவரை சிரிப்புதான். லுங்கி முனையில் மஞ்சள் நூலைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் செத்துவிட்டது. மலையாளத்துக்காரி ஒரு வீட்டுத் துணியில் முடிச்சுப் போட்டு இன்னொரு வீட்டு வாசலில் வைத்திருக்கிறாள், செய்வினைதான் என்று முடிவாகிவிட்டது. லுங்கியைக் கம்பால் தூக்கிக் கொல்லையில் போட்டார்கள். சாயங்காலம் டீச்சரே போய் வளவுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியிடம் சொல்ல, அவர் வந்து அவளிடம், "திங்கக்கிழம வீட்டக் காலி பண்ணிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

பார்த்தவள் நான் ஒருத்திதான். சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு தரம் டீச்சர் வீட்டு வாசல்வரை போய், தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை நூலகத்தில் டீச்சர்தான் வாசித்தார். ஊர் கூடி அக்கரைக்காரனை விரட்டுகிற இடம் வந்தது. அவன் குற்றம் செய்யவில்லை என்பது ஓடக்காரன் ஒருவனுக்குத் தெரியும். அந்த ஓடக்காரன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அந்தப் பாவி ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நான் எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"டீச்சர், அது செய்வினை இல்ல. குறிக்குக் கட்டுனது. சாரல்ல நனையுதுன்னு அந்தப் பிள்ளதான் எடுத்துச்சு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

கடைசி வீட்டுக்காரிதான் கேட்டாள். "பொறவு எங்க லுங்கி எப்படி டீச்சர் வீட்டுக்குப் போச்சு, ஆச்சி?"

"நீ அன்னைக்கு ரெண்டாவது கொடியிலல்லா போட்டிருந்த. டீச்சர் வீடு ரெண்டாவது."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆமா, டீச்சர்!"

"நேத்தே ஏன் ஆச்சி சொல்லல?" டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"ஒங்களுக்குப் பயந்துட்டுதான்."

டீச்சர் புத்தகத்தை மூடினார். குடையைக்கூட எடுக்காமல் தூறலில் அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள்.

"நீங்கதான டீச்சர் காலி பண்ணச் சொன்னிய?" என்றார் அண்ணாச்சி.

"இப்போ நாந்தான் வேண்டாம்ங்கேன்."

மூன்றாம் வீட்டில் அவள் பாத்திரத்தையெல்லாம் ஒரு போர்வையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். டீச்சர், "ஆச்சி ஜன்னல்ல பாத்தாங்களாம், தப்பு எங்க மேலதாம்மா, நீ போகாண்டாம்" என்று சொன்னதை நின்று கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவள் பாஷையில் சடசடவென்று பேசினாள். பாதி புரியாவிட்டாலும் திட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. டீச்சர் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி ஜன்னல்ல நின்னு கண்டதல்லே?"

"கண்டேன்."

"பின்னே?"

நான் தரையில் உட்கார்ந்து போர்வை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். இரும்பு மாதிரி முடிச்சு, என் விரலுக்கு அசையவில்லை. கடைசி வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"எம்மாடி! யானையவா கட்டி வச்சிருக்க?"

மூன்றாம் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களைத் தள்ளிவிட்டு, ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த பாத்திரங்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, டீச்சர் துடைத்துக் கொடுக்க, அவள் அலமாரியில் அடுக்கினாள்.