கடைசியாகத் தெரிந்துகொண்டவள்

என் அப்பா இறந்தது, எங்கள் ஃபிளாட்டிலிருந்த மற்ற நான்கு பேருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஃபிளாட் இங்கிலாந்தில் ஒரு மாணவர் விடுதியில் இருந்தது. ஐந்து அறைகள், பொதுவாக ஒரு சமையலறை. ஐந்திலும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பெண்கள். தற்செயல் எல்லாம் இல்லை, அம்மாக்களின் ஏற்பாடு.

வெளிநாட்டுப் படிப்பு முடிவானபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, என்னை யாருக்கும் தெரியாத இடத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்பது. அம்மாவுக்கு இருந்த ஒரே கவலையும் அதுதான். எங்களை அனுப்பிவைத்த கேம்ப் ரோடு கன்சல்டன்சியில் காத்திருந்த அம்மாக்கள் ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். "நம்ம பொண்ணுங்க ஒண்ணா இருந்தா நமக்கும் நிம்மதிதானேங்க" என்று என் அம்மாதான் ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழு. விமானம் ஏறுமுன்பே யாருக்கு எந்த அறை, யார் குக்கர் கொண்டுவருவது, யார் என்றைக்குச் சமைப்பது எல்லாம் முடிவாகிவிட்டது.

அங்கே தாளிக்கும்போது தீ அலாரம் அடித்தால், அது அடங்குவதற்குள் சேலையூருக்குச் செய்தி போயிருக்கும். ஈரத்தலையோடு வகுப்புக்குப் போனேன் என்று அம்மா போனில் திட்டுவாள். கடல் தாண்டிப் போயும் நான் குடியிருந்தது சேலையூரில்தான். குளிர் மட்டும் கூடுதல்.

கடைசிப் பரீட்சைகள் நெருங்கிய சமயத்தில் ஃபிளாட்டில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். என் பாத்திரங்களை யாரோ கழுவி வைத்தார்கள். நான் சமைக்கவேண்டிய நாளில் எதிர் அறைக்காரி, "நீ போய்ப் படிடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். சிங்க்கில் ஒரு ஸ்பூன் கிடந்தாலும் ஊரைக் கூட்டுகிறவள் அவள். ஒருநாள் காலையில் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டாள். "எங்கம்மா நேத்து குன்றத்தூர் மலைக்குப் போய் உனக்காக வேண்டிக்கிட்டாங்க."

என் பரீட்சைக்காக அவள் அம்மா மலை ஏறினாளா என்று நெகிழ்ந்துபோனேன். எனக்கும் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா அப்போது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழுவிலிருந்த அம்மாக்களுக்குத் தெரியும், அவர்கள் வழியாகப் பெண்களுக்கும் தெரியும். பரீட்சை முடிகிறவரை என் காதுக்குப் போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இப்படித்தான். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி பரீட்சைக்குப் பிறகுதான். நான் போன் செய்து அப்பாவைக் கேட்டால், "இப்பதான் அசந்து தூங்கறார், எழுப்பட்டுமா?" என்பாள். வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். பெற்றவளாயிற்றே.

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு மத்தியானம் திரும்பினேன். நால்வரும் சமையலறையில் இருந்தார்கள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், அப்பளம். பரீட்சை முடிந்ததற்கு விருந்தாக்கும் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் எப்படி வந்திருந்தன என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினேன். மற்றவர்கள் தட்டே எடுக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நான் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் எதிர் அறைக்காரி என் தோளைப் பிடித்தாள். "அப்பா போயிட்டாருடி. முந்தாநாளே எடுத்துட்டாங்க. உன்னைச் சாப்பிட வச்சிட்டுத்தான் சொல்லணும்னு ஆன்ட்டி சொன்னாங்க." அவளும் அழுதாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

சேலையூர் வீட்டுக்கு வந்தபோது அப்பா சுவரில் மாலையோடு இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் பரீட்சை எப்படி எழுதினாய் என்றும் கேட்டார்கள். பிறகு முடிவு வந்தது, நல்ல மதிப்பெண். "பாத்தியா, அன்னைக்கே சொல்லியிருந்தா இது வந்திருக்குமா?" என்றார் பெரியப்பா. இப்போது சிறுசேரியில் வேலைக்குப் போகிறேன். அந்த மதிப்பெண்ணை அங்கே இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இதற்காக அம்மாவோடு நான் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரில அப்பா என்னைக் கேட்டாராம்மா?"

அம்மா தலையைத் தூக்கவில்லை. "கேக்காம இருப்பாரா? தினமும் கேட்டாரு."

"நீங்கள்லாம் என்ன சொன்னீங்க?"

"கிளம்பிட்டா, ஃப்ளைட் ஏறிட்டான்னு சொன்னோம். மனுஷன் தெம்பா இருக்கணும்ல? அதுக்கப்புறம் நர்ஸ் உள்ள வந்தாக்கூட நீதான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு."

அவள் அதை ஒரு நல்ல காரியத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பா தூங்குகிறார் என்று என்னிடம் சொன்ன அதே வாயால், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஃப்ளைட் ஏறிய பெண் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று யோசித்துக்கொண்டேதான் அவர் போயிருப்பார்.