பிரிட்ஜில் இடமில்லாத இஞ்சி சோடா

சாயர்புரத்து ஜீவமணி, ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தவள். தாளாளரின் அதட்டல் பிடிக்காமல் வேலையை உதறிவிட்டு, தூத்துக்குடியில் ஒரு ஷெட்டைப் பிடித்து இஞ்சி சோடா போட ஆரம்பித்தாள். யாரையும் லேசில் மதிக்காதவள்.

அப்போது ஊரில் நாலைந்து சின்ன சோடா கம்பெனிகள் இருந்தன. சோடாக்காரர்கள் சங்கத் தலைவர் செல்வதுரை கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்து, "உசுரே போனாலும் நம்ம பேரை வெளியூர்க்காரனுக்கு விக்கக் கூடாது" என்று முழங்குவார். சென்னையிலிருந்து பெரிய கம்பெனி வந்தபோது தன் கம்பெனியைப் பேரோடு முதலில் விற்றவர் அவர்தான். மற்றவர்களும் ஆட்டுமந்தையாகப் பின்னால் போனார்கள். ஜீவமணி மட்டும் போகவில்லை.

சென்னைக் கம்பெனி, ஊர்க் கடைகளுக்கெல்லாம் பிரிட்ஜ் இலவசமாகக் கொடுத்தது. அதில் வேறு சரக்கு வைக்கக் கூடாது. அவள் வாடிக்கையாகச் சரக்குப் போடும் பொன்னுதுரை கடையிலும் ஒன்று வந்து நின்றது.

"டீச்சர், இனி உங்க சோடா வேண்டாம். பிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிருவானுவ" என்றார் பொன்னுதுரை.

"சும்மா கிடைச்ச பெட்டிக்குக் காவல் இருக்கீய. இருங்க அண்ணாச்சி."

ஷெட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

கம்பெனி சோடாவை வாங்கிக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். இஞ்சியே இல்லை, வெறும் எசன்ஸ். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கவேண்டிய சரக்கு வேறெப்படி இருக்கும்? சீக்கிரம் கெட்டுப்போகிற ஒன்றை அவர்களால் விற்கமுடியாது என்பது அப்போது உறைத்தது. பச்சை இஞ்சியை இடித்து, சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டாள். மளிகைக் கடைகளை விட்டுவிட்டு, துறைமுகச் சாலைப் புரோட்டாக் கடைகளுக்கு ஐஸ் பெட்டியோடு தானே வேன் ஓட்டிப் போனாள். எண்ணெய்ப் புரோட்டா தின்ற லாரி டிரைவர்களுக்கு அந்தக் காரம் பிடித்துப்போனது.

அதற்குள் கம்பெனி, செல்வதுரையின் ஆலையைப் பூட்டிவிட்டது. பேரை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கோ நிரப்பிய பாட்டிலில் 'அசல் தூத்துக்குடி ருசி' என்று அச்சடித்தது. ஒரு மத்தியானம் செல்வதுரை அவள் ஷெட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கேஸ் மெஷின் வேலை எனக்கு அத்துப்படி. ஏதாவது இருந்தா..."

"மைக் வேலை இங்கன கிடையாதே அண்ணாச்சி."

அவர் தலை குனிந்தார். அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டாள். ஆனால் அவளுடைய மெஷினும் சில நாட்களாக மக்கர் பண்ணிக்கொண்டுதான் இருந்தது.

"திங்கக்கிழமை வாங்க" என்றாள்.

வந்தார், சரியாக்கினார். இப்போது சோடாவில் கேஸ் நன்றாக நிற்கிறது. பொன்னுதுரைகூட ஆள் அனுப்பிச் சோடா கேட்டார், அவள் கொடுக்கவில்லை. செல்வதுரை தினமும் வேலைக்கு வருகிறார். சாப்பாட்டு நேரத்தில் அவர் சங்கத்துக் கதையை எடுத்தால், தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.