மூன்று லிட்டர் தண்ணீர்

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஸ்கேன் சென்டரில் விதி. அங்கிருந்த இளம்பெண்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். எழுபது வயதான என் அம்மா மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"ஏளா, அடக்குததுக்கு எனக்குச் சொல்லித் தாராளுவளா? நாப்பது வருசம் அடக்குனவ நான்" என்றாள், ஊருக்கே கேட்கும்படி. எனக்கு மானம் போயிற்று.

ரிப்போர்ட் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. கல்லும் கிருமியும் சேர்ந்து கிட்னியைத் தின்கின்றன, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். இத்தனை நாள் ஏன் தண்ணீரே குடிக்கவில்லை என்று அம்மாவைத் திட்டவும் செய்தார்.

"உப்பளத்துல ஒதுங்க ஒரு குத்துச்செடி கெடையாது டாக்டரே. எங்க பாத்தாலும் வெள்ளைப் பாத்தி, சுத்தி ஆம்பளையாளு. மொதலாளி ஒரு கக்கூஸ் கெட்டுனாரு, சாவிய கணக்கப்பிள்ளை இடுப்புல சொருகிக்கிட்டாரு. விடியக்காலம் எறங்குனா மத்தியானம் வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம்."

அம்மா வேலையை விட்டுப் பத்து வருடமாகிறது. வீட்டிலேயே கக்கூஸ் இருக்கிறது. ஆனாலும் மத்தியானத்துக்கு முன்னால் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்காது. நான் டம்ளரோடு பின்னாலேயே அலைந்தேன். அவள் அதை வாங்கி முருங்கைக்கு ஊற்றினாள். முருங்கை நன்றாகவே செழித்தது. "செத்துத் தொலை" என்று ஒருநாள் கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுதேன்.

அன்று சாயங்காலம் என் மகள் வேலை முடிந்து வந்தாள். பி.காம். படித்தவள், பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. என் அம்மாவைப் போல வெயிலில் வேகக் கூடாது என்றுதான் படிக்கவைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கக்கூஸுக்கு ஓடினாள். வெளியே வந்ததும் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனமும் இப்படித்தான் ஓடியாறியா?"

"நாலு மாடிக்கும் சேத்து ஸ்டாஃபுக்கு ஒண்ணுதான் ஆச்சி, கீழ குடோன்ல. சூப்பர்வைசர்ட்ட கேட்டுட்டுப் போவணும், அவரு மணி பாப்பாரு. அதுக்குத் தண்ணி குடிக்காமலே இருந்துரலாம்."

மறுநாள் காலையில் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். இன்னொரு செம்பும் குடித்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். என்ன கூத்து நடக்கப்போகிறதோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

என் மகள் வேலை பார்க்கும் கடைக்குள் நுழைந்து, பட்டுச் சேலைப் பிரிவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாலு சேலையை விரிக்கச் சொன்னாள். அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு அவசரமா வருது. சீக்குக்காரி, வழுக்கி விழுந்தா கடைக்குத்தான் கெட்ட பேரு. அந்தா நிக்குத பிள்ளைய தொணைக்கு அனுப்பும்."

வாடிக்கையாளர்களுக்கான கக்கூஸ் அந்த மாடியிலேயே பளபளவென்று இருந்தது. மேனேஜர் தலையசைத்தார். அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு ஒடிந்தவள் மாதிரி நடந்து உள்ளே போனாள்.

இப்போது தினமும் ரெண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விடுகிறாள். இதுவரை ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. தலைசுற்றல் அதிகமாகிவிட்டது, ஒரு பிள்ளை தாங்காது, மூன்று பேரை அனுப்பும் என்று நேற்று மேனேஜரிடம் கேட்டாளாம்.