படுத்தவரை அளக்காத மேஸ்திரி

பூந்தமல்லி அருள்தாஸ் மேஸ்திரி ஒருவனை ஏற இறங்க ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். எமனே பாசக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "எத்தினி அடி அண்ணாத்தே?" என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவான். சீமைத் துரைமாரின் அளவுகோல்கள் எல்லாம் அவர் கண்ணிடம் பாடம் படித்தவை. நம்பாதவர்கள் டிரங்க் ரோட்டில் அவர் பட்டறை முன்னால் போய் நிற்கலாம். இழைப்புளியை நிறுத்தாமலே தலையைத் தூக்குவார். "அஞ்சடி ஏழு," என்பார். "செருப்போட." மறுபடி சுருள் சுருளாகச் சீவல் விழத் தொடங்கும்.

அவர் செய்வது கதவு, கட்டில், வண்டிக்குப் பலகை. ஊர் அவரை நினைப்பதோ சவப்பெட்டிக்கு. கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் இருப்பதில் பாதி அவர் கைவேலை. அதனால் பெரிய மனிதர்கள்கூட அவர் எதிரில் கொஞ்சம் கூன் போட்டே நடப்பார்கள். செக்கு வைத்திருக்கும் வீராசாமி நாயக்கர் செத்தால் பாடைதான், பெட்டி கிடையாது. அவருக்கும் உதறல்.

"யோவ் மேஸ்திரி, என்னிய இன்னாத்துக்குய்யா மொறைக்கிற? நாங்க எரிக்கிறவங்க!"

"பயப்படாத நாயக்கரே. நிக்கிறவன அளந்தா சட்டை. படுத்தவன அளந்தாத்தான் பெட்டி."

நாயக்கர் சிரிப்பார். மேஸ்திரி சிரிக்க மாட்டார்.

போன யுத்தத்தில் அரபு தேசத்து பஸ்ராவரை போய் வந்தவர் அவர். துப்பாக்கி தொட்டதில்லை, உளிதான். முதல் மாதம் செத்தவர்களுக்கெல்லாம் பெட்டி அடித்தார். அடுத்த மாதம் பலகை தீர்ந்து கம்பளி. பிறகு கம்பளியும் தீர்ந்து வெறும் மணல். அம்பத்தூர்க்காரன் கிறிஸ்துராஜ் என்று ஒரு கூட்டாளி காய்ச்சலில் கிடந்தான். பார்க்கப் போன மேஸ்திரியைக் கேட்காமலே அவர் கண் அவனை அளந்துவிட்டது: ஐந்தடி ஒன்பது. பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அவனையும் மணலில்தான் போட்டார்கள்.

ஊர் திரும்பியவர் இரண்டு விஷயத்தில் உடும்புப்பிடியாக நின்றார். யாரும் பெட்டியில்லாமல் போகக் கூடாது. காசு இல்லாதவன் சும்மா தூக்கிக்கொண்டு போகலாம். இன்னொன்று, உயிரோடு படுத்துக் கிடக்கும் எவரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த யுத்தம் அவர் மருமகனை மலாயாவில் விழுங்கிக்கொண்டது. மூன்று வருடமாகக் கடிதாசு இல்லை. மகள் ஜெயகுமாரியும் அவள் பெண் பேபியும் இவர் தோளுக்கு வந்தார்கள். அறுபத்தைந்து வயதில் கருக்கலோடு எழுந்து ஆவடிக்கு நடப்பார். பட்டாளத்துக் கொட்டகைக்கு மரச்சட்டம் அடித்துவிட்டு, திரும்பி வந்து பட்டறையில் மறுபடி இழைப்புளியைப் பிடிப்பார். ஆறு வயது பேபி அவர் முதுகில் ஏறி, கை போகும் போக்கில் முன்னும் பின்னும் ஆடுவாள். "எறங்குடி குட்டிப் பிசாசே," என்பார். அவள் இறங்கிவிட்டால் வேலை ஓடாது.

மாசி மாதம் தெருவுக்குள் விஷ ஜுரம் புகுந்தது. ஆறு வீட்டில் படுக்கை. அதில் ஒன்று மேஸ்திரி வீடு.

பேபி படுத்த அன்றே அவர் துண்டை எடுத்துக் கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டார். அப்படியே தடவித் தடவி உள்ளே போவார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், கஞ்சி ஊட்டுவார். "தாத்தா, எனக்கு மூக்கால குடிக்கத் தெரியாது," என்று முனகும் பிள்ளை. நின்றபோது அவள் மூன்றரை அடி என்பது அவருக்குத் தெரியும். படுத்தபோது தெரிந்துகொள்ளத்தான் பயம்.

ஜெயகுமாரிக்கு இது விளங்கவில்லை. "ஊரான் ஊட்டு ஜனமெல்லாம் வந்து பாத்துட்டுப் போவுது. ஒனக்கு மட்டும் இன்னா நைனா, பேத்தி மூஞ்சி கசக்குதா?" என்று கத்தினாள். அவர் கிண்ணத்தை வழித்து இன்னொரு வாய் ஊட்டினார்.

பதினாறாம் நாள் ஆவடி கண்டிராக்டர் கூலியோடு, உடைந்த சாமான் பெட்டியின் பலகை ஐந்தைக் கொடுத்தான். இழைக்காத பலகை. மரம் பொன்னாக இருந்த காலம். பட்டறைச் சுவரில் சாத்தி வைத்தார். ஜெயகுமாரி பார்த்துவிட்டாள். பலகையின் நீளம் ஒரு பிள்ளைக்குத்தான் போதும்.

"யாருக்கு நைனா இது?"

"பலகைக்கு ஆள் பேரு தெரியுமா? கெடக்குது."

"அத்த அடுப்புல வையி!"

"ஆறு ஊட்ல ஜுரம் கீது ஜெயா. நாளிக்கி எவனாச்சும் வந்து நின்னா, நான் எங்க போவேன்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் பலகைகள் காணாமல் போயின. எடுத்தவன் இதை எழுதுகிறவன்தான், அதே தெருப் பையன். மேஸ்திரியின் உளியை ஒளித்துவிட்டு, அவர் தேடுவதைப் புளியமரத்துக்குப் பின்னால் நின்று ரசிப்பது அவன் வழக்கம். இந்தத் தடவை ரசிக்க எடுக்கவில்லை. பலகை இல்லாவிட்டால் பெட்டி இல்லை, பெட்டி இல்லாவிட்டால் சாவு எப்படி வரும் என்று கணக்குப் போட்டான். பள்ளிக்கூடத்தில் இருந்த மட்டும் கணக்கில் அவனுக்கு முட்டைதான்.

மேஸ்திரி தேடவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை.

இருபத்தோராம் நாள் காலை பேபிக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "பசிக்குது," என்றாள். மேஸ்திரி துண்டை அவிழ்த்தார். தலையிலிருந்து கால்வரை, காலிலிருந்து தலைவரை பார்த்தார். "எளச்சிட்டடி," என்றார். கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார்.

அந்தக் கஞ்சி ஆறுவதற்குள் பின்தெரு அருள்செல்வி வாசலில் வந்து நின்றாள். அவள் பையனுக்கு ஐந்து வயது. அதே ஜுரத்தில் விடியலில் போய்விட்டான். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எங்கியும் மரம் இல்லியாமே. பாயில சுத்திட்டா ஆண்டவர் கோச்சிக்குவாரா, மேஸ்திரி?"

"ஊட்டுக்குப் போம்மா. வரேன்."

அவர் பட்டறைக்குப் போகவில்லை. நேரே இதை எழுதுகிறவன் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா மேஸ்திரி, உளி காணமா?" என்று முந்திக்கொண்டான்.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்றா."

வலது கையில், கட்டைவிரல் மேட்டில், நாலு நாளாகச் சீழ் கோத்து நின்றது ஒரு மரச்சிலாம்பு. இழைக்காத பலகையைத் தூக்கினவன் கையில் ஏறுகிற சிலாம்பு. மேஸ்திரி திட்டவில்லை. கையை வெயிலுக்கு நேராகத் திருப்பினார். இரண்டு நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். கசிந்த ரத்தத்தைத் தன் வேட்டி ஓரத்தால் ஒற்றிவிட்டு, பலகைக்காகக் கையை நீட்டினார்.