அயலாருக்கல்ல, மகளுக்கு

2013 பெப்ரவரி 11, திங்கட்கிழமை. காலை 6.40. என் மனைவி மருத்துவமனையில் காலமானார். வயது அறுபத்து நான்கு. உடனிருந்தவர்கள்: மகள், நான்.

பெப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. காலை 10.30. தகனம். கிரியைகள் நாற்பது நிமிடம். கொள்ளிக் கடமையைச் செய்தவர்: பாரிசின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வசிக்கும் என் தமையனின் மகன். மகள் இரண்டாவது வரிசையில் அமர்ந்திருந்தாள்.

அதே நாள் பிற்பகல். அஸ்திக் கலசம் தகனசாலையின் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் காலம் ஓராண்டு.

நவம்பர் 18, திங்கட்கிழமை. தகனசாலையிலிருந்து நினைவூட்டல் கடிதம். கலசத்தை எங்கே சேர்ப்பது என்பதை 2014 பெப்ரவரி 15க்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கோப்பில் உள்ளவை இவ்வளவே. கோப்பில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த ஒன்பது மாதங்களில் என் மகள் என் வீட்டில் ஒருமுறையும் உட்காரவில்லை. வருவாள். மருந்துகளை மேசையில் வைப்பாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். மேலங்கியைக் கழற்றாமலே கேட்க வேண்டியதைப் பிரெஞ்சில் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். காரணம் எனக்குத் தெரியும். ஆகவே நானும் இருக்கச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் வரலாற்று ஆசிரியன். பாரிசில் பல வேலைகள் செய்தபின் பிற்பாடு சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவனாகி, இடைக்கால வரலாற்றில் பட்டம் பெற்றேன். 2009 மே மாதத்தில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் வரலாறு பேசப்படவில்லை. அலமாரியில் இருந்த நம்முடைய நூல்களை என்னால் திறக்க முடியவில்லை. வாசிக்காமல் இருக்கவும் தெரியவில்லை. எனவே எனக்கு எவ்வகையிலும் உறவில்லாத, ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு வம்சத்தைத் தேர்ந்துகொண்டேன்: பிராங்கு மக்களின் முதல் அரச குலமான மெரொவிஞ்சியர். அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதப்போவதாக மனைவியிடம் சொன்னேன்.

"அவை தோத்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம். கடைசியிலை."

"அப்ப எழுதுங்கோ."

அந்த அரசர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் முடி வெட்டுவதில்லை. தோளில் விழும் நீண்ட முடியே அரசுரிமையின் அடையாளம். 511இல் பாரிசில் இறந்த முதல் கிறிஸ்தவ அரசன் தன் நாட்டை நான்கு மகன்களுக்கு விட்டுச் சென்றான். பிரிந்தும் கூடியும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் வலிமையோடு இருந்தார்கள். 639இல் ஓர் அரசனைச் சென் தெனியில் அடக்கம் செய்தபின் வந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஆட்சி அரண்மனை மேலாளர்களின் கைக்குப் போனது. அரசன் சிங்காசனத்தில் இருப்பான். தூதர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் கற்றுக்கொடுத்தாரோ அதைச் சொல்வான். 751இல் கடைசி அரசனின் முடியை வெட்டி அவனை ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டு, மேலாளரே அரசரானார். அதன்பின் எழுதப்பட்ட வரலாறு அந்தப் பழைய அரசர்களை எதுவும் செய்யாதவர்கள் என்றது. மாட்டு வண்டியில் ஊர்ந்து போனவர்கள் என்று நகைத்தது. வென்றவர்கள் எழுதியதை அப்படியே நம்பக்கூடாது என்பதே என் நூலின் வாதம். அவர்களுக்காக நான்கு ஆண்டுகள் வழக்காடினேன் என்றே சொல்லலாம்.

பெப்ரவரி 15 காலையில், தகனசாலையின் காத்திருப்பு அறையில் நான் ஒரு நாற்காலியில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரர் மூவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார்கள். பூ, வாகனம், ஐயர், வந்தவர்களுக்குத் தேநீர். நல்ல மனிதர்கள். அவர்களில் ஒருவர், பாரிசின் தமிழ்க் கடைத் தெருவான ரூ து ஃபொபூர் சென் தெனியில் அழைப்பிதழும் கலண்டரும் அச்சிடும் கடை வைத்திருப்பவர், "பெறாமகன் இருக்கிறார்தானே, பிறகென்ன யோசனை?" என்றார். என் தமையனின் மகனான அந்தப் பெறாமகன் அதிகாலையிலேயே தலையை மழித்துவிட்டு வந்திருந்தான்.

அப்போது மகள் என் முன்னால் வந்து நின்றாள். பாரிசில் பிறந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லியே வளர்ந்தவள். அன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, நான் செய்யட்டே?"

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அந்த மூவரையும் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

"அவை சொல்லுற மாதிரிச் செய்வம், பிள்ளை" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு இரண்டாவது வரிசைக்குப் போனாள்.

நினைவூட்டல் கடிதம் வந்த அதே கிழமை, கையெழுத்துப் பிரதியோடு அச்சகத்துக்குப் போனேன். கடைக்காரர் கட்டைக் கையில் தூக்கி நிறை பார்த்தார்.

"மாஸ்டர், ஒண்டும் செய்யாத ராசாக்களுக்கு முந்நூறு பக்கமோ? ஏதும் செய்திருந்தால் எங்கை போய் நிப்பியள்?"

"செய்தவையைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம், தம்பி."

"அப்ப படம் போடுங்கோ. முடி வளத்த ராசா, முடி வெட்டின ராசா. சாமத்தியச் சடங்கு வீட்டு ஆல்பம் மாதிரி வழுவழுப்பா அடிச்சுத் தாறன். சனம் வாங்கும்." கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். "முடி வெட்டேக்கை அந்தாள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னதா எழுதேல்லை."

"சும்மா இருந்தவரோ?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு முழுப் பிரிவு எழுதியிருந்தேன். அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டேன்.

"அண்டைக்கு மகள் செய்யக்கூடாதெண்டு ஐயர் சொன்னவரோ?"

அவர் கட்டைக் கீழே வைத்தார். "ஐயரோ? ஐயர் வாயே திறக்கேல்லை. ஆர் செய்யிறது எண்டு கேட்டார். பெறாமகன் எண்டு நாங்கள்தான் பேர் குடுத்தனாங்கள். நீங்கள் அதைத்தான் விரும்புவியள் எண்டு நினைச்சம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதுதான் மாஸ்டர். பிள்ளை கேட்டது. நீங்கள் எங்களைப் பாத்தியள். நாங்கள் உங்களைப் பாத்தம்."

அவர் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு கணக்கு எங்கே பிழைத்தது என்பதைப் போலச் சொன்னார். கடையிலிருந்து லா சப்பல் மெத்ரோவரை நடக்கையில், நான்கு ஆண்டுகளாக யாருக்காக வழக்காடினேன் என்பது எனக்குத் தெளிவாயிற்று. எழுதியவர்கள் அந்த அரசர்களுக்கு அநியாயம் செய்திருக்கலாம். என்னைப் பற்றி அப்படி எழுதினால் அது அநியாயமாகாது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். பிராங்குகளின் பழைய சட்டத்தில் குலத்தின் நிலம் ஆணுக்கே உரியது. பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை. மகன் இல்லாவிட்டால் அயலார் வந்து உரிமை கேட்கலாம். அந்த முதல் அரசனின் பேரன் இதை மாற்றினான். மகன் இல்லாதபோது நிலம் அயலாருக்கல்ல, மகளுக்கு என்று ஆணையிட்டான். அந்தப் பேரனைப் பற்றி நல்லதாக எழுதிய சமகாலத்தவர் குறைவு. ஆணை மட்டும் நிலைத்தது. இதை நான் 2011இல் மொழிபெயர்த்து, எண்ணிட்டு, அடிக்குறிப்பும் சேர்த்திருந்தேன். அடிக்குறிப்பில் எங்கள் வழமையை ஒப்பிட்டிருந்தேன்: யாழ்ப்பாணத்தில் தாயின் சீதன வீடு மகளுக்கே போகும் என்று பெருமையோடு. வீட்டைக் கொடுக்கிற நாங்கள் நெருப்பைக் கொடுப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதனுடன் இன்னொன்றும் தோன்றியது. பிராங்குகளிடம் முடியை எடுத்தால் உரிமை போய்விடும். எங்களிடம் முடியை எடுத்தவனுக்கே உரிமை வருகிறது.

பெறாமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அஸ்தி கரைப்பதற்கு அவன் ஏற்கெனவே விடுமுறை கேட்டிருந்தான். மகளிடம் கேட்கப்போகிறேன் என்றேன்.

"சித்தப்பா, உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கினமாதிரி இருக்கு. அண்டையிலையிருந்து தங்கச்சி என்ரை முகத்தைப் பாக்கிறதில்லை."

ஐயர் இன்னும் சுருக்கமாகப் பேசினார். "பிள்ளை செய்யிறது. அவ உங்கடை பிள்ளைதானே? நாளைச் சொல்லுங்கோ, நான் வாறன்."

இனி மகள்தான். கலசத்துக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. அவளுக்கும் எனக்கும் எவ்வளவு இருந்தது என்று தெரியவில்லை.

அவள் சென் தெனியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மதிய இடைவேளையில், அரசர்களை அடக்கம் செய்த அங்குள்ள பசிலிக்காத் தேவாலயத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். நாற்பத்தைந்து நிமிடம்தான் இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். 639இல் அடக்கம் செய்யப்பட்ட அரசனின் கல்லறை அருகே நின்றோம். மற்ற அரசர்களின் சிலைகள் மல்லாந்து கிடக்க, அவனுடைய சிலை மட்டும் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. நான் அவனைக் காட்டவில்லை. தரையைக் காட்டினேன். இதன் கீழே ஓர் அரசியின் கல்லறையைக் கண்டெடுத்தார்கள், அவள் பெயர் மோதிரத்தில் இருந்தது, மகளுக்கு நிலம் என்று ஆணையிட்டவன் அவளுடைய மகன் என்றேன். பிறகு ஆணையைச் சொன்னேன். ஆண்டு, பழைய சட்டம், அயலாரின் உரிமை, விதிவிலக்கு. வகுப்பெடுப்பது போலத்தான் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, மன்னிப்புக் கேக்கிறதுக்கு ஆறாம் நூற்றாண்டிலையிருந்தோ தொடங்கோணும்?"

"எனக்குத் தெரிஞ்ச பாதை அதுதான், பிள்ளை."

அவள் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப அவை என்ன சொல்லினம்?"

"நான் கேக்கேல்லை."

"ஐயர்?"

"வாறாராம்."

"அண்ணா?"

"பாரம் இறங்கினமாதிரி எண்டவன்."

"நான் தலை மழிக்க மாட்டன்."

"வேண்டாம்."

கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்டைக்கு நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். அழுதிருப்பன். முடிஞ்சிருக்கும். நீங்கள் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை அப்பா."

"ஓம்" என்றேன். "இப்ப சொல்லுறன். நீதான் செய்யோணும். அம்மாவுக்கு நீதான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். பதினேழு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. அந்நாட்களில் நான் நூலைத் தொடவில்லை. தகனசாலைப் படிவத்தில் கலசம் சேரும் இடத்துக்கான கட்டத்தை வெறுமையாக வைத்திருந்தேன். பதினெட்டாம் நாள் மாலை அவள் தொலைபேசி எடுத்தாள். கடலோர நகரான தியெப்பில் ஒரு படகுக்காரரிடம் பேசிவிட்டாளாம். ஜனவரி இறுதிச் சனிக்கிழமை. சென் லசார் நிலையத்திலிருந்து முதல் ரயில்.

"சப்பாத்து வழுக்காததாப் போடுங்கோ" என்றாள்.

ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த மேலங்கியும் கம்பளித் தொப்பியும் அணிந்து, படகு துறைமுகத்தைத் தாண்டியதும் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், மந்திரம் நான் சொல்லுறன், கடலை நீங்கள் பாருங்கோ" என்றார். பெறாமகன் பூக்கூடையைப் பிடித்திருந்தான். மகள், ஐயர் தண்ணீர் தெளித்த ஈரத் தலையோடு நின்றாள். காற்று அவளுடைய முடியை முகத்தில் அடித்தது. ஐயர் சொல்லச் சொல்லத் தவறாமல் திருப்பிச் சொன்னாள். உச்சரிப்புப் பிரெஞ்சுக்காரியினுடையது. குரல் தாயினுடையது.

தண்ணீரில் கரையும் கலசம் அது. முழந்தாளிட்டு, இரு கைகளாலும் அதைக் கடலில் விட்டாள். அது உடனே அமிழவில்லை, சற்று மிதந்தது.

"போயிட்டு வாங்கோ, அம்மா" என்றாள்.

"அப்பிடிச் சொல்லுறேல்லைப் பிள்ளை" என்றார் ஐயர் மெதுவாக.

"நான் சொல்லுவன் ஐயா."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் அவரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "அவ சொல்லட்டும்" என்றேன்.

கரைக்கு வந்து துறைமுகத்தின் எதிரே ஒரு கஃபேயில் நால்வரும் இருந்தோம். மகள் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். சூப் இரண்டு கோப்பை குடித்தாள். பெறாமகனின் தலையைப் பார்த்து, இப்போது வளர்ந்திருப்பது முன்பிருந்ததைவிட நன்றாயிருக்கிறது என்றாள். ஓராண்டில் அவனிடம் அவள் பேசிய முதல் வாக்கியம். அவன் தலையைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டான். திரும்பும் ரயிலில் என் எதிரே உட்கார்ந்து, நூலில் திருத்த இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டாள். ஓர் அத்தியாயம் என்றேன். அதைப் பிரெஞ்சில் தானே வாசித்துத் திருத்தித் தருவதாகச் சொன்னாள். அது தமிழில் இருக்கிறது என்றேன். "அப்ப நீங்கள் வாசியுங்கோ, நான் இருந்து கேக்கிறன்" என்றாள்.

இன்னும் செய்யாதவை:

கடைசி அரசனின் மகனும் மடத்துக்கு அனுப்பப்பட்டான். அவனுடைய தாயைப் பற்றி எங்கும் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவது.

மூன்றாம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பைத் திருத்துவது.

எனக்குரிய இறுதிக் கடமையை மகளே செய்ய வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதன் பிரதியை அந்த மூவருக்கும் கொடுப்பது.

மனைவியின் சேலைகளை வெயிலில் போடுவது.

ஞாயிறு மதியம் மகள் வருகிறாள். அவள் தாய் வைத்ததுபோலச் சொதி வைக்க, தேசிக்காயைப் பிழிந்து விடுவது அடுப்பை அணைத்த பின்னரா, முன்னரா என்று அவளிடமே கேட்பது.