கிழியக் கூடாத ஷூ

என் மகளின் ரோஸ் கலர் ஷூவை அவள் அம்மாதான் மஞ்சக்குப்பத்தில் வாங்கிக் கொடுத்தாள். நடந்தால் குதிகாலில் விளக்கு மின்னும். மறுநாள் காலை ஆபரேஷனுக்காகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கூட வருவேன் என்று அழுத பிள்ளையிடம், "இந்த ஷூ கிழியறதுக்குள்ள அம்மா வந்துடுவேன், பாரு" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். திரும்பி வரவில்லை.

சாவு வீட்டில் பிள்ளை இருக்க வேண்டாம், பயந்துபோகும் என்றார்கள். சிதம்பரத்தில் என் அக்கா வீட்டில் விட்டு வைத்தோம். காரியம் முடிந்து கூட்டிவந்ததும் அம்மா எங்கே என்று கேட்டாள். சாமிகிட்ட போயிருக்கா என்று யாரோ சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல் அறுக்கும் மிஷினோடு ஆந்திரா வரை போயிருக்கிறேன். துறைமுகத்தில் ஐஸ் உடைத்திருக்கிறேன், பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றியிருக்கிறேன். எந்த ஊரிலும் கால் நிலைத்ததில்லை. அவள் போன பிறகுதான் கடலூர் முதுநகரில் ஒரே வாடகை வீட்டில் தங்கினேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். கோணலாகத்தான் வரும், பிள்ளை அப்படியே பள்ளிக்கூடம் போய்விடும்.

ஷூ விளக்கு முதல் மழையிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஜல்லி கொட்டிய தெருவில் "தூக்குப்பா" என்பாள். பள்ளிக்கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாட மாட்டாள். இரவில் ஈரத்துணியால் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். கால் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்தது. முன்பக்கம் வாயைத் திறந்ததும், பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அடுத்தடுத்த முறையும் போனோம். கடைசியில் அவர், "இதுக்கு மேல தையல் நிக்காதுப்பா. கிழிஞ்சி போச்சு, வேற வாங்கிக் குடு" என்றார்.

"கிழியல! பொய் சொல்றாரு!" என்று கத்தினாள். சாலையே திரும்பிப் பார்த்தது. அவர் ஷூவை வாங்கி இன்னொரு தையல் போட்டார்.

புது ஷூ வாங்கிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நகத்திலிருந்து ரத்தம் வந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். மாமா சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார்.

"இன்னா மச்சான், மூட்ட மூட்டயா நெல்லு தூக்கறவன், ஒரு ஷூவக் கழட்ட முடியலயா உன்னால?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோயிலுக்குக் கூட்டியா. வாசல்ல கழட்டி வுட்டுட்டு உள்ள போங்க. நான் எடுத்துர்றன். கோயில்ல செருப்பு காணாப் போச்சுன்னா எவன் தேடுறான்? பீடை போச்சுன்னு போய்கினே இருப்பாங்க."

"கொழந்தய ஏமாத்தச் சொல்றியே, நல்லாருக்கா உனக்கு?" என்றாள் அக்கா.

"காலு அழுகிப் போனா நல்லாருக்குமாடி?"

எனக்கும் மாமா சொன்னது சரியாகத்தான் பட்டது. கிழிந்து போனால்தான் அவளுக்குத் துக்கம். காணாமல் போனால் ஒருநாள் அழுவாள், ஷூவோடு அம்மா சொன்ன அந்தப் பேச்சும் மறந்துபோகும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கீழவாசலில் ஷூவைக் கழற்றி, யார் காலும் மிதிக்காதபடி சுவர் ஓரமாகச் சேர்த்து வைத்தாள். உள்ளே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சுவர் ஓரம் காலியாக இருந்தது.

அழவில்லை. எல்லாச் செருப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூக்காரம்மா, "காணமா? நல்லதுடி தங்கம், புடிச்ச பீடை ஒழிஞ்சிது. திரும்பிப் பாக்காம போ" என்று ஒரு முழம் கதம்பத்தை அவள் தலையில் வைத்துவிட்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். சன்னதித் தெரு பாதி தாண்டியதும் கேட்டாள்.

"யாரோ எடுத்துகினு போய்ட்டாங்களாப்பா?"

"ஆமாண்டா."

"அப்போ கிழிஞ்சதா ஆவுமா?"

"ஆவாது" என்றேன். அழாமல் இருக்கிறாளே என்ற நிம்மதியில் வந்த பதில்.

தெருமுனைக் கடையில் நீல நிற ஷூ ஒன்றை அவளே காட்டினாள். போட்டுக்கொண்டு குதித்துப் பார்த்தாள். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், பரங்கிப்பேட்டை ரோடு வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இனிமே அது கிழியவே கிழியாது இல்லப்பா? அம்மா மெதுவாவே வரட்டும்."

நான் வெளியே பார்த்தேன். அம்மா வரமாட்டாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ் ஆணையம்பேட்டை, ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்றது. அவள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

மாமா அப்புறம் போன் செய்தார். "மச்சான், அந்த ஷூவ இன்னா பண்றது? சீட்டுக்கு அடியிலயே கெடக்குது. தூக்கிப் போட்டுறட்டா?"

"வேணாம் மாமா" என்றேன்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தால் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை, அவளுக்கே புரிந்துவிடும். அதற்காகச் சிதம்பரம் போகிற ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் அந்தச் சீட்டின் மேல் உட்கார்ந்துவிட்டு, வெறும் கையோடு திரும்பி வருகிறேன்.

போன வாரம் நீல ஷூவும் முன்பக்கம் பிளந்துவிட்டது. தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவளே கழற்றிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"இது கிழிஞ்சா பரவால்லப்பா" என்றாள்.