பாஸ்கர் சொன்ன ஸ்கூட்: சான்டா கிளாராவில் ஒரு சனிக்கிழமை

பாஸ்கர் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போகிறான் என்று அவன் மனைவி வாட்ஸ்அப்பில் சொன்ன அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன். கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், இந்த மார்ச் கடைசியில் குடும்பத்தோடு மூட்டை கட்டுகிறார்கள். நான் இருப்பது டெக்சாஸில், ஆலனில். அவன் கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில். ஒரே நாட்டில் இருந்துகொண்டு பதினொரு வருடம் நேரில் பார்க்காமல் இருந்திருக்கிறோம். வெட்கக்கேடுதான்.

டல்லாஸிலிருந்து சான் ஹோசேவுக்கு நேர் விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரம். கைப்பை மட்டும் போதும் என்பவர்கள், முன்கூட்டியே எடுத்தால் இருநூறு டாலருக்குள் போய் வந்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து சான்டா கிளாரா பத்து நிமிடம்தான். வாடகைக் கார் தேவையில்லை. எனக்கு பாஸ்கரே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கார் கதவைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்றா, இன்னிக்காச்சும் துவைச்ச சட்டையா?"

இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அமெரிக்கா வந்த புதிதில் இர்விங்கில் ஒரு இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். துணி துவைக்கிற மெஷின் கீழே பொதுவில் இருக்கும். அது குவார்ட்டர் என்கிற கால் டாலர் நாணயங்களை மட்டும்தான் விழுங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே குவார்ட்டர்களை வைத்துத்தான் எங்களுக்குப் போக்கர். தோற்றவன் திங்கட்கிழமை போன வாரச் சட்டையோடு ஆபீஸ் போவான். நான் நிறையத் தடவை போயிருக்கிறேன்.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. நிச்சயம் ஜெயிக்கிற சீட்டு வைத்திருப்பவன், எதிராளியிடம் துவைத்த சட்டை இல்லை என்று தெரிந்தால், துவைக்கவாவது அவனுக்குக் காசு மிஞ்சட்டும் என்று, "ஸ்கூட் விட்டுரு" என்று சொல்லிவிடுவான். ரம்மியில் ஆட்டத்தைவிட்டு விலகுவதற்குச் சொல்கிற அதே ஸ்கூட்தான். போக்கரில் அதற்குச் சொல்கிற ஃபோல்ட் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. மற்ற மூன்று பேரும் இதைச் சொல்லியே ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம். பாஸ்கர் மட்டும் ஒரு தடவைகூடப் பொய்யாகச் சொன்னதில்லை. அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரசப் பொடியும் துணி சோப்பும் கலந்த வாசனைதான் வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் எங்கேயும் இருந்ததில்லை.

எல் கமீனோ சாலையில் மீல்ஸ் சாப்பிட்டுவிட்டு, மதியம் பக்கத்து ஊரில் ஒரு சீட்டாட்ட கிளப்புக்குப் போனோம். "போறதுக்கு முன்னாடி ஒரு டைம் டீசண்ட்டா விளையாடிரலாம்டா" என்றான். உள்ளே போக இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். சின்னப் பந்தய மேஜையில் இருநூறு டாலரோடு உட்காரலாம். அது போனால் எழுந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். இன்னொன்று: ஆட்டம் நடக்கும்போது மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. படித்தோம், மறந்தும் போனோம்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எனக்குக் கையில் கொடுத்த இரண்டு சீட்டும் ராணியாக வந்தது. எல்லாருக்கும் பொதுவாக மேஜையில் முதலில் விரித்த மூன்று சீட்டு: ஒரு ராணி, இரண்டு ஏழு. மூன்று ராணி, இரண்டு ஏழு, கிட்டத்தட்ட தோற்கவே தோற்காத ஃபுல் ஹவுஸ்! வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? மற்றவர்கள் விலகிவிட்டார்கள். பாஸ்கர் மட்டும் சத்தமில்லாமல் கூடவே வந்தான். அடுத்து ஒரு இரண்டு, கடைசியாக ஒரு ஒன்பது. நான் பந்தயம் வைத்தேன். அவன் தன் முன்னால் இருந்த பந்தயக் காய் முழுவதையும் உள்ளே தள்ளினான். என்னிடம் மிச்சமிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, மெதுவாக, "ஸ்கூட் விட்டுருடா" என்றான். "இங்கிலீஷ் ஒன்லி, ஜென்டில்மென்" என்றார் சீட்டுப் போடுகிறவர். பாஸ்கர் வாயை மூடிக்கொண்டான்.

என்னை அடிக்க அவனிடம் மிச்ச இரண்டு ஏழும் இருந்து, மேஜையில் உள்ளதோடு நாலு ஏழாக வேண்டும். வேறு எந்தச் சீட்டும் போதாது. கணக்குப்படி யோசிக்கவே தேவையில்லை, காசைப் போட வேண்டியதுதான். எதிரே நின்றது அவன் வார்த்தை ஒன்றுதான். இர்விங் பாஸ்கராக இருந்தால் அந்த நொடியே சீட்டைக் கவிழ்த்து விலகியிருப்பேன். ஆனால் பதினொரு வருடம் ஆயிற்றே, ஆள் மாறியிருக்க மாட்டானா, பழைய பேச்சை வைத்தே என்னை மடக்குகிறானோ என்று தோன்றிவிட்டது. "கால்" என்று சொல்லி, அவன் வைத்ததற்கு ஈடாக என் காயையும் தள்ளினேன்.

இரண்டு ஏழையும் திருப்பி வைத்தான். ஜெயித்த காய்களை அவன் உடனே இழுத்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் திரும்பினோம். ஒரு சிக்னலில் நான்தான் ஆரம்பித்தேன். "கணக்குப்படி கால்தான்டா கரெக்ட்."

"கணக்கு கரெக்ட்தான். எவனா இருந்தாலும் கால் பண்ணுவான்" என்றான். பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகு, "நானுமா எவனோ?" என்றான்.

சின்ன மேஜைகளில் உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அங்கே பொய்யாகப் பெரிய பந்தயம் வைப்பவர்கள் குறைவு. அதுவரை சும்மா இருந்தவர் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால், நல்ல சீட்டாக இருந்தாலும் தயங்காமல் கவிழ்த்துவிடுங்கள். ஃபுல் ஹவுஸையும் கவிழ்க்கச் சொல்வீர்களா என்றால், முன்பின் தெரியாதவரிடம் மாட்டேன், அங்கே கணக்கைத்தான் நம்ப வேண்டும். தெரிந்தவர் விஷயத்தில், யார் தள்ளுகிறார் என்று பாருங்கள். நான் அதைத்தான் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "டிசம்பர்ல கண்டிப்பா கோயம்புத்தூர் வரேன்டா" என்றேன். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான்.

அவன் என் கைப்பையை எடுத்துக் கொடுத்தான். "நீ வரேன்னு சொன்னா நான் நம்பிக்குவேன். சீட்டைத் திருப்பிக் காட்டுன்னு கேக்க மாட்டேன்."

அன்று விமானம் ஏறுவதற்கு முன்பே, கேட்டில் உட்கார்ந்து டிசம்பர் டிக்கெட்டை எடுத்துவிட்டேன். அதை அவனுக்கு அனுப்பிக் காட்டவில்லை.